பிழைக்கப் போவதும் பார்க்கப் போவதும்

பயணத்தை அரபு மொழி 'சஃபர்' என்கிறது. திரை விலக்குதல், வெளிப்படுத்துதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் இது. மனிதரின் உண்மைக் குணத்தை வெளிப்படுத்திக் காட்டுவதால் பயணத்திற்கு இப்பெயர் வாய்த்தது என்று மொழிநூலார் விளக்கம் கூறுவர். நம் கடற்கரை ஊர்களிலோ இச்சொல் சற்றே உருமாறிச் 'சபர்' ஆயிற்று, பொருளும் குறுகிற்று. 'இன்னார் சபர் போயிருக்கிறார்' என்றால் அவர் பிழைக்கப் போயிருக்கிறார் என்பதே பொருள். பாட்டனார் காலத்தில் ரங்கூனும் பினாங்கும் கொழும்பும். பின்னர் ஜித்தாவும் துபாயும் குவைத்தும். சபுராளி பணம் அனுப்புவார், வீடு எழும்பும், குமர்கள் கரையேறுவர். போனவர் அந்த ஊரில் எதைப் பார்த்தார் என்று எவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதுமில்லை.

ஊரைப் பார்ப்பதற்காகவே ஓர் இளைஞன் ஓராண்டு கடல் கடந்து செல்லலாம். வழிச்செலவுக்கு அங்கேயே வேலையும் செய்துகொள்ளலாம். அதற்கு ஓர் அரசாங்கமே அனுமதி தருகிறது என்னும் செய்தி, ஆகவேதான் நம் வீடுகளில் எளிதில் விளங்குவதில்லை. 'வொர்க்கிங் ஹாலிடே விசா' என்று அதனை அழைக்கின்றனர். இதில் விடுமுறை முதன்மை. வேலை அதற்குத் துணை. இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் என்னென்ன இன்னல்கள் விளையும் என்பதை நம் குடும்பத்திலேயே அண்மையில் காண நேர்ந்தது. பிறருக்கும் பயன்படும் என்று கருதி எழுதுகின்றோம்.

இத்திட்டம் புதியதன்று. 1975-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியா இவ்வாயிலைப் பிரிட்டன், அயர்லாந்து, கனடா நாட்டு இளைஞர்களுக்குத் திறந்தது. 1980-இல் ஜப்பானுடன் உடன்பாடு கண்டது. காலப்போக்கில் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேஷியா உட்பட மேலும் பல நாடுகள் சேர்ந்தன. இந்தியருக்கு மட்டும் இக்கதவு நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. 2022 ஏப்ரலில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் கையொப்பமிட்ட வணிக உடன்படிக்கை அவ்வாண்டு டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 1,000 இந்திய இளைஞருக்கு இடம் அளிப்பதும் அதன் ஓர் உறுப்பாகும். வயது 18 முதல் 30-க்குள் இருக்க வேண்டும். பள்ளிப் படிப்புக்குப் பின் ஈராண்டேனும் உயர்கல்வி கற்றிருக்க வேண்டும். ஓரளவு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லக் கூடாது. பிரிட்டனும் 2023-ஆம் ஆண்டு முதல், பட்டம் பெற்ற இந்திய இளைஞர் ஈராண்டு தங்கி வரத் தனியாக ஒரு திட்டம் வகுத்து, ஆண்டுக்கு 3,000 இடங்கள் வரை ஒதுக்கியது.

ஆயிரம் இடங்களுக்கு ஆசைப்படுவோர் ஆயிரம் பேரோடு நிற்பார்களா? எனவே ஆஸ்திரேலிய அரசு சீட்டுக் குலுக்கும் முறையைக் கைக்கொண்டது. முதற் சீட்டுக்கு 2024 அக்டோபரில் பதிவு தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் ஏறத்தாழ 40,000 பேர் பெயர் கொடுத்துவிட்டனர் என்று அந்நாட்டு இணையமைச்சர் ஒருவர் அறிவித்தார். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். பெயர் விழுந்தவர் மட்டுமே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

நம் தங்கையின் மகன் அந்தப் பல்லாயிரவரில் ஒருவன். வணிகவியல் பட்டம் பெற்றுக் கோவையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதி வந்தான். வயது இருபத்தாறு. பதிவதற்கு முன் நம்மிடம் வந்தான். "மாமா, காசு கட்டிச் சீட்டில் பேர் போடச் சொல்றாங்க. இது சூதாகாதா?" என்று கேட்டான். அக்கேள்வி நமக்கு மகிழ்ச்சி தந்தது. பலர் போய்ச் சேர்ந்த பிறகே இத்தகைய ஐயங்களைக் கேட்கின்றனர்.

சூது என்பது ஒருவர் பொருளை மற்றவர் வெல்லும் பந்தயம். தோற்றவர் இழந்தது வென்றவர் பைக்குள் போகும். தகுதியில் ஒத்த பலர் நிற்க, இடமோ சிலருக்கே இருக்க, ஒருவர் மனமும் கோணாமல் தேர்ந்தெடுக்கும் வழிதான் சீட்டு. அரபியில் 'குர்ஆ' எனப்படும் இம்முறைக்கு மார்க்கத்தில் இடமுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது உடன் வரும் துணைவியாரைச் சீட்டின் மூலமே தேர்ந்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ளது. தமிழருக்கும் இது அயலன்று. முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அங்கும் முதலில் வயதும் கல்வியும் ஒழுக்கமும் பார்த்தனர். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். ஒரு சிறுவன் எடுத்தான். 25 டாலர் பந்தயப் பணம் அன்று. பதிவு செய்யும் கூலி. இவ்வளவும் விளக்கி, "பெயர் போடு. ஆனால் தகுதி இருந்தால் மட்டுமே குடத்தில் ஓலை விழும் என்பதை மறவாதே" என்றோம்.

அவன் பெயர் விழுந்தது. விழுந்த நாளிலிருந்து 28 நாள்களுக்குள் விசா விண்ணப்பத்தை முறையாகச் சேர்த்தாக வேண்டும். அப்போதுதான் வீட்டில் பேச்சுத் தொடங்கிற்று.

அவனுடைய வாப்பா பத்தொன்பதாம் வயதில் கடன் வாங்கி விசா பெற்று வளைகுடா சென்றவர். அக்கடனை அடைக்கவே அவருக்கு மூன்றாண்டு பிடித்தது. அதன் பின் இருபது ஆண்டுகள் அங்கே உழைத்து, இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, ஊர் திரும்பியவர். "மாதம் எவ்வளவு அனுப்புவான்?" என்பதே அவருடைய முதற் கேள்வி. அனுப்புவதற்காகப் போவதன்று, ஊரைப் பார்ப்பதற்காகப் போவது என்று சொன்னதும் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பார்க்கிறதுக்கு ஒரு விசாவா? பார்த்துட்டு வந்து என்ன மச்சான் செய்யப் போறான்?" என்றார். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்.

செய்தி வெளியே பரவியதும் ஆலோசகர்கள் வந்தனர். நான்கு லட்சம் கொடுத்தால் நிரந்தரமாக அங்கேயே தங்கும் வழி வரை பார்த்துத் தருவதாக ஒருவர் சொன்னார். இந்த விசா பன்னிரண்டு மாதங்களுக்கானது. ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்திற்கு மேல் வேலை செய்யக் கூடாது. நான்கு மாதத்திற்கு மேல் படிக்கக் கூடாது. வட்டாரப் பகுதிகளில் அரசு குறித்துள்ள வேலைகளை மூன்று மாதம் செய்தவர் இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. விதிகளுக்கு அப்பால் இதிலிருந்து எதையும் எவரும் வாங்கித் தர இயலாது. குலுக்கலில் பெயர் விழச் செய்வேன் என்பவரும் விழுந்த பெயரைக் குடியுரிமை ஆக்குவேன் என்பவரும் நம் அறியாமையை விற்றுக் காசாக்குகின்றவர்களே. அவரை மரியாதையோடு அனுப்பி வைத்தோம்.

கடினமான பகுதி அதன் பின்னர் வந்தது. போய்ச் சேர்ந்ததும் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள ஏறத்தாழ 5,000 ஆஸ்திரேலிய டாலரும், திரும்பி வரப் பயணச்சீட்டுக்கான பணமும் தன்னிடம் இருப்பதை விண்ணப்பிப்பவர் காட்ட வேண்டும். பிள்ளையிடம் மூன்றாண்டுச் சேமிப்பாக ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய் இருந்தது. விசாக் கட்டணம், பயணச் செலவு எல்லாம் சேர்த்துப் பார்க்கையில் ஒன்றரை லட்சத்திற்கு மேல் குறைந்தது. மச்சான் ஒரு மாலைப் பொழுதில் வந்தமர்ந்தார். "உங்க ஹஜ் பணம் பேங்கில் சும்மாதானே மச்சான் இருக்கு? ஒரு மாசம் அவன் கணக்கில் போட்டு வைங்க. விசா வந்த மறுநாள் எடுத்துக்கலாம். ஊரெல்லாம் இப்படித்தான் செய்யுறாங்க" என்றார். தங்கை வாசற்படியில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய மௌனம் மச்சானின் சொல்லைக் காட்டிலும் கனமாயிருந்தது.

மறுநாள் பதில் சொல்வதாக அவரை அனுப்பிவிட்டு இரவெல்லாம் சிந்தித்தோம். வங்கி தரும் தாள் பொய்யாகாது. பணம் உண்மையிலேயே அவன் கணக்கில் இருக்கும். வாய் திறந்து எவரும் பொய் சொல்லப் போவதில்லை. அவ்வாறாயின் குற்றம் எங்கே இருக்கிறது?

அரபு நூலோர் 'தவ்ரியா' என்று ஒன்றைப் பேசுவர். சொல் உண்மையாயிருக்கும், கேட்பவர் மனத்தில் அது விதைக்கும் பொருள் வேறாயிருக்கும். அநியாயக்காரனிடமிருந்து ஓர் உயிரையோ உடைமையையோ காக்க இது அனுமதிக்கப்படும். ஆனால், உண்மையை அறியும் உரிமை உடையவரிடம் இப்படிப் பேசுவது ஏமாற்றே ஆகும் என்பதை அறிஞர் வற்புறுத்தியுள்ளனர். தன் நாட்டுக்குள் நுழைய விரும்புவோனிடம் 'உன் செலவுக்கு உன்னிடம் பணம் இருக்கிறதா?' என்று கேட்பவர் அநியாயக்காரர் அல்லர். அக்கேள்விக்கு உண்மை விடை பெறும் உரிமை அவருக்கு உண்டு. பொய்த் தகவல் தந்தது தெரியவந்தால் விசா மறுக்கப்படுவதோடு மூன்றாண்டுகள் வரை வேறு விசாவுக்கும் தடை விழக்கூடும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. தண்டனைக்கு அஞ்சி மட்டுமே உண்மை பேசுவோமாயின் அது உண்மைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பெயர் விழாமல் நிற்கும் பல்லாயிரம் பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்தோம். தகுதியில்லாத ஓலை குடத்தில் கிடந்தால், தகுதியுள்ள ஒருவனின் இடம் போகிறது.

இவை அனைத்தினும் மேலாக ஒன்று புலப்பட்டது. அந்த ஐயாயிரம் டாலர் அதிகாரியின் கண்ணுக்காக வைக்கப்பட்ட நிபந்தனை அன்று. பிள்ளையின் வயிற்றுக்காக வைக்கப்பட்டது. மொழி புதிது, ஊர் புதிது, வேலை கிடைக்க எத்தனை வாரம் ஆகும் என்று சொல்வதற்கில்லை. கையில் பணம் உள்ளவன் 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்ல முடியும். இல்லாதவன் முதலில் கதவு திறப்பவனிடம் எந்தக் கூலிக்கும் தலையாட்டுவான். காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்ட பணம் அவனை விமானத்தில் ஏற்றும். இறங்கிய பின் ஒரு வேளைச் சோறும் போடாது. மச்சான் பத்தொன்பதாம் வயதில் பட்ட பாட்டை அவர் மகனுக்கும் நாமே விலை கொடுத்து வாங்கித் தருவதாக அது முடியும்.

மறுநாள் மச்சானிடம் இதனைச் சொன்னோம். "கொடுத்துத் திரும்ப வாங்கினால் அது கடன். காட்டிவிட்டு எடுத்துக்கொண்டால் அது இரவல். கொடுத்துவிட்டு மறந்தால் அது ஹிபா, அன்பளிப்பு. அன்பளிப்பைப் பெற்றுக் கைவசப்படுத்திக்கொண்டவனுக்கு அது சொந்தப் பணம். அதனை அவன் தாராளமாகக் காட்டலாம். ஹஜ் பணத்தை நாம் தொடுவதற்கில்லை. அதற்கு வெளியே ஐம்பதாயிரம் இருக்கிறது. அதை அவனுக்குக் கொடுத்துவிட்டோம். திருப்பித் தர வேண்டாம். மீதி கூடினால் போகட்டும். கூடாவிட்டால் போகாமல் இருக்கட்டும். உண்மையாக இல்லாததைக் கொண்டு போக வேண்டாம்" என்றோம்.

மச்சான் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் தம் மகனோடு வந்தார். வளைகுடாவிலிருந்து வரும்போது கொண்டு வந்து, எவருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருந்த இரண்டு சவரன் தங்கத்தை விற்று, அப்பணத்தை அவன் பெயரில் கட்டிவிட்டதாகச் சொன்னார். "இது கடன் இல்லை மச்சான். எனக்கும் ஒரு காலம் பத்தொன்பது வயசுதானே? இருபது வருசம் இருந்தேன். வேலை செஞ்ச தெருவைத் தவிர ஒண்ணும் பார்த்ததில்லை" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. விண்ணப்பம் குறித்த நாளுக்குள் சென்றது, விசாவும் வந்தது.

புறப்படும் முன் பிள்ளை மற்றொரு கேள்வி கேட்டான். "ஒரு வருசம் ஊர் ஊராப் போவேன் மாமா. நான் முசாபிரா, முகீமா?" தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகை பயணிக்கே உரியது. ஓரிடத்தில், போன நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக, நான்கு நாள் தங்க எண்ணங்கொண்டால் ஷாஃபிஈ மத்ஹபின்படியும், பதினைந்து நாள் தங்க எண்ணங்கொண்டால் ஹனஃபி மத்ஹபின்படியும் அவன் தங்கியவன் ஆகிவிடுகிறான். "வேலைக்கென்று ஓரிடத்தில் அமர்ந்தால் முழுமையாகத் தொழு, வழியில் இருந்தால் சுருக்கிக்கொள்" என்றோம். இந்த விசாவின் இயல்பும் இதுவே என்பது அப்போது நமக்குத் தோன்றிற்று. குடியேறியவனும் அல்லன், வெறும் வழிப்போக்கனும் அல்லன். சில வாரம் முகீம், சில வாரம் முசாபிர்.

அவன் இப்போது விக்டோரியா மாநிலத்தில் மர்ரே நதிக்கரையில் உள்ள மில்டுரா வட்டாரத்தில் ஆரஞ்சுத் தோப்புகளில் வேலை செய்ததை எழுதியிருக்கிறான். முதல் வேலை கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்றாம். அந்த ஐந்து வாரமும் அவனைத் தாங்கியது அவன் கொண்டு சென்ற உண்மைப் பணமே. திராட்சைத் தோட்டத்து வேலைக்கு அழைத்தபோது, உலர்த்தவும் உண்ணவுமான திராட்சையா, மதுவுக்கான திராட்சையா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே சென்றானாம்.

போகின்ற பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டியவை சில உள. பறித்த அளவுக்குக் கூலி தரும் தோட்டங்களிலும், ஒரு மணி நேரத்திற்கு இவ்வளவேனும் தந்தாக வேண்டும் என்னும் காப்பு 2022 ஏப்ரல் 28 முதல் அந்நாட்டில் சட்டப்படி உண்டு. கூலிச் சட்டம் குடிமகனுக்கும் விசாக்காரருக்கும் ஒன்றே. அந்நாட்டு அரசின் மருத்துவக் காப்புறுதி இந்த விசாவில் செல்லும் இந்தியருக்குக் கிடையாது. தனியே எடுத்துக்கொண்டு செல்ல வேண்டும். முதலாளி செலுத்தும் ஓய்வூதியச் சேமிப்பை நாடு திரும்பும்போது பெறலாம். ஆனால் அதில் நூற்றுக்கு 65 பங்கு வரியாகப் போய்விடும். எனவே அதனை எண்ணிக் கணக்குப் போடக் கூடாது. தங்கும் விடுதியையும் கண்திறந்து பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் என்னும் சிற்றூரில், பல நாட்டு இளம் பயணிகள் தங்கியிருந்த விடுதி தீக்கிரையாகி 15 பேர் மாண்டனர். வெளியேறும் வழி எது, புகை எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்று முதல் நாளே பார்ப்பது கோழைத்தனம் ஆகாது.

ஊரைப் பார்த்துக்கொண்டே வழியில் வேலை செய்வதை மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் உளர். இப்னு பதூதா 1325-ஆம் ஆண்டு, இருபத்தோரு வயது இளைஞராகத் தஞ்சீர் நகரிலிருந்து புறப்பட்டார். ஹஜ்ஜுக்கென்று கிளம்பியவர் டில்லியில் காஜியாக வேலை பார்த்தார். மாலத்தீவிலும் காஜியாக இருந்தார். நம் மஅபர்க் கரையிலும் வந்து இறங்கினார். அவர் சம்பாதித்த பொருள் எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. அவர் பார்த்துச் சொன்னவை அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகுக்குப் பயன்படுகின்றன. ஆஸ்திரேலியப் பாலைவெளிகளில் 1860-ஆம் ஆண்டு முதல் ஒட்டகம் ஓட்டச் சென்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்; அன்றைய இந்தியாவிலிருந்தும் ஆஃப்கானிஸ்தானத்திலிருந்தும் சென்றவர்கள். அவர்களோடு தொடர்புடைய அடிலெய்டு நகரப் பள்ளிவாசல் 1888-89-இல் எழுந்தது. நம் பிள்ளை அங்கே ஒரு ஜும்ஆ தொழுதிருக்கிறான். அந்தச் செய்தியைப் படித்த அவன் வாப்பா, அதைத் தம் நண்பர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். உங்கள் வீட்டுப் பிள்ளை இவ்விசாவுக்குப் பெயர் போட விரும்பினால் தடுக்காதீர்கள். கடன் வாங்கி அனுப்பவும் செய்யாதீர்கள். பெயர் விழாவிட்டால் வருந்த வேண்டாம். மறு சீட்டு உண்டு, வேறு வழிகளும் உண்டு. பெயர் விழுந்தால், கேட்ட கேள்விக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். கையில் இருக்கும் பணம் அவனுடையதாகவே இருக்கட்டும். அந்த ஓராண்டு அவனிடம் வீட்டுச் செலவுக்கு எதிர்பார்க்காதீர்கள். பிழைக்கப் போகும் சபர் நம் வீடுகளில் எப்போதும் இருக்கும். அதன் சுமையை அவனும் ஒருநாள் சுமப்பான். இந்த ஒரு சபருக்குப் போகும்போது மட்டும், 'பணம் அனுப்பு' என்று சொல்லாமல், 'பார்த்ததை எழுது' என்று சொல்லி அனுப்புங்கள்.